அடுத்தவர் கோயிலில் உழவாரம்

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத் தலைநகரான செயின்ட் பாலின் கிழக்குப் பகுதியில் ஃபேலன் என்றொரு ஓடை உண்டு. ஃபேலன் ஏரியில் புறப்பட்டு, சுமார் நான்கு மைல் வந்து மிசிசிப்பி ஆற்றில் சேர வேண்டிய ஓடை. அதன் பெரும்பகுதி இன்று தெருக்களுக்கு அடியில், மழைநீர்க் குழாய்களுக்குள் ஓடுகிறது. மேலே கார்கள் போகின்றன. கீழே தண்ணீர் போகிறது. ஓடை ஆற்றைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில், குன்றின் அடிவாரத்தில், 27 ஏக்கர் பரப்பில் புரூஸ் வென்டோ இயற்கைச் சரணாலயம் இருக்கிறது. அதன் ஓரத்திலுள்ள வெள்ளை மணற்பாறைச் சுவரில், இரும்புக் கதவால் அடைக்கப்பட்ட ஒரு குகை. இந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் அதை வாக்கான் டீபி என்கிறார்கள். அவர்களுக்கு அது புனிதத் தலம்.

அந்தக் குன்றின் மேல்தான் நான் குடியிருக்கிறேன். சனிக்கிழமைக் காலைகளில் சரணாலயத்தில் களை பறிக்க வருகிறவர்களில் நானும் ஒருத்தி. லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் குடும்பங்களின் பிள்ளைகள் வருகிறார்கள். மெக்சிகோ வழி வந்தவர்கள், ஓய்வு பெற்ற வெள்ளைக்காரத் தம்பதிகள், பள்ளி மாணவர்கள், டகோட்டாக்கள் எல்லோரும் வருகிறார்கள். எங்களில் பலருக்கு இது ஓடையும் பறவைகளும் உள்ள ஒரு பூங்கா. சிலருக்கு மட்டும் இது கோயில். தனக்குச் சொந்தமில்லாத, தன் மரபில் இல்லாத ஒரு புனிதத் தலத்தைப் பேணுவது எந்த வகைச் செயல்? வழிபாடா, ஊர்ப்பணியா, இல்லை இன்னொருவர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைவதா? குனிந்து வேர் பிடுங்கும் நேரத்தில் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

இந்த மண்ணின் கதை தெரியாமல் அதற்குப் பதில் தேட முடியாது. 1766-ஆம் ஆண்டு ஜோனதன் கார்வர் என்ற பயணி இந்தக் குகைக்குள் போனார். உள்ளே ஒரு ஏரி இருப்பதையும், சுவரில் மிகப் பழைய உருவங்கள் செதுக்கப்பட்டிருப்பதையும் 1778-இல் லண்டனில் வெளியான தன் நூலில் எழுதினார். அதன்பின் ஐரோப்பியர்களுக்கு அது கார்வர் குகை ஆயிற்று. 1837 ஒப்பந்தத்தில் மிசிசிப்பிக்குக் கிழக்கே இருந்த நிலம் டகோட்டாக்களின் கையை விட்டுப் போனது. கரையோரம் இருந்த கப்போசியா கிராமம் ஆற்றுக்கு மேற்கே இடம் மாற வேண்டியதாயிற்று. 1851-இல் இரண்டு ஒப்பந்தங்கள் மேற்குக் கரையையும் எடுத்துக்கொண்டன. 1862 கோடையில், ஒப்பந்தப் பணம் வந்து சேராமல் பசி முற்றிய நிலையில் போர் மூண்டது. ஆறு வாரங்களில் நூற்றுக்கணக்கான குடியேறிகளும் டகோட்டாக்களும் செத்தார்கள். அந்த டிசம்பர் 26-ஆம் தேதி மன்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள்.

போரில் பங்கே எடுக்காத பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாகச் சுமார் 1,600 பேர் அந்தக் குளிர்காலம் முழுதும் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே, ஆற்றோரம் வேலி கட்டி அடைக்கப்பட்டார்கள். மிசிசிப்பியும் மினசோட்டா ஆறும் கூடுகிற அந்த இடத்தின் பெயர் ப்டோட்டே. டகோட்டாக்களில் ஒரு பிரிவினரின் மரபில், மனிதர்கள் தோன்றிய இடமே அதுதான். பிறந்த மண்ணிலேயே சிறை. நோயில் பலர் இறந்தார்கள். பிழைத்தவர்களை 1863 மே மாதம் நீராவிப் படகுகளில் ஏற்றி மாநிலத்தை விட்டே அனுப்பினார்கள். கோட்டையிலிருந்து ஆற்றின் போக்கில் இறங்கிய படகுகள் இந்தக் குன்றின் அடியைக் கடந்துதான் போயிருக்க வேண்டும்.

ஆட்கள் போன பிறகு இடமும் பாழாயிற்று. ரயில் பாதை போடப் பாறைச் சுவரை வெட்டித் தள்ளினார்கள். குகையின் முகப்பும், கிலுகிலுப்பைப் பாம்பு உருவங்கள் செதுக்கியிருந்த சுவர்ப்பகுதியும் அதோடு போயின. ஓடைக்கரையில் பியர் ஆலைகளும் மாவு மில்களும் வந்தன. ஸ்வீட் ஹாலோ என்னும் பள்ளத்தில் ஸ்வீடன்காரர், இத்தாலியர், மெக்சிகர் என்று ஒவ்வொரு அலையாக வந்த ஏழைகள் ஓடையை ஒட்டிக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். குடிநீர் இல்லை, சாக்கடை வசதி இல்லை என்று சொல்லி 1956 டிசம்பரில் நகர நிர்வாகம் அந்த வீடுகளைக் கொளுத்தியது. ஓடை குழாய்க்குள் போனது. ரயில்வே யார்டும் கைவிடப்பட்ட பின், குகை வாசல் ஊரின் குப்பை மேடு ஆயிற்று.

1997-இல் இந்தப் பகுதிவாசிகள் சிலர் கூடி, லோயர் ஃபேலன் கிரீக் புராஜெக்ட் என்ற பெயரில் வேலையைத் தொடங்கினார்கள். குப்பை அள்ளினார்கள், நிதி திரட்டினார்கள், மனுப் போட்டார்கள். 2002-இல் நிலம் வாங்கப்பட்டது. நஞ்சேறிய மண் அகற்றப்பட்டு 2005-இல் சரணாலயம் திறந்தது. இந்தத் தொகுதியை 1977 முதல் 2000-இல் இறக்கும்வரை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்தவரும், காடுகளுக்காகவும் ஆறுகளுக்காகவும் வாதாடியவருமான புரூஸ் வென்டோவின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

எங்கள் வேலை எளியது, ஓயாதது. மே மாதத்தில் கார்லிக் மஸ்டர்டு. கசக்கினால் பூண்டு வாடை வரும் செடி. சமையலுக்கென்று ஐரோப்பாவிலிருந்து வந்தது. விதை கட்டுவதற்குள் வேரோடு எடுத்துவிட வேண்டும்; ஒரு செடியை விட்டால் நூற்றுக்கணக்கான விதைகள் மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்கும். இலையுதிர் காலத்தில் பக்தார்ன். வேலிக்காக 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த முட்புதர் அது. மற்ற மரங்களெல்லாம் இலை உதிர்த்து நிற்கும்போது பக்தார்ன் மட்டும் பச்சையாக நிற்கும்; அடையாளம் காண அதுவே நல்ல பருவம். கன்றுகளைக் கையால் பிடுங்குவோம், பெரியவற்றை அறுத்து வெட்டுவாயில் மருந்து தடவுவோம். அந்த இடத்தில் ஓக் கன்றும் பெரிய புளூஸ்டெம் புல்லும் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீடும் நடுவோம். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு மில்க்வீடைத் தவிர வேறெதையும் தின்னாது.

குழாய்க்குள் கிடக்கும் ஓடையைப் பேண வேறு வழி உண்டு: தெருவைப் பேணுவது. தெருவோரத்தில் இரும்புக் கம்பி போட்ட மழைநீர் வாய்களில் விழுகிற எதுவும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேராக ஓடைக்கோ ஆற்றுக்கோ போகிறது. உதிர்ந்த இலைகள் மழையில் ஊறினால் பாஸ்பரஸ் கரைந்து இறங்கும். கோடையில் ஏரியில் பச்சைப் பாசி படரும். பனிக்காலத்தில் நடைபாதை வழுக்காமலிருக்கத் தூவுகிற உப்பு அதைவிட மோசம். ஒரு தேக்கரண்டி உப்பு ஐந்து காலன் நன்னீரை, அதாவது 19 லிட்டரை, மீன்களுக்கும் சிற்றுயிர்களுக்கும் ஆகாததாக்கிவிடும். கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க எளிய வழி கிடையாது. எங்கள் தெரு முனையிலுள்ள மழைநீர் வாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் பெயர் கொடுத்து ஏற்றிருக்கிறேன். அக்டோபர், நவம்பரில் விளக்குமாறும் வாளியுமாக அங்கே நிற்பேன். குனிந்து காது கொடுத்தால் சில நாள் கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும்.

சில காலைகளில் வேலை தொடங்கும் முன் டகோட்டாப் பெரியவர் ஒருவர் ஒரு சிட்டிகைப் புகையிலையை மண்ணில் வைத்துத் தங்கள் மொழியில் பிரார்த்தனை சொல்வார். வட்டமாக நிற்போம். விரும்புகிறவர்கள் கையிலும் கொஞ்சம் தருவார்கள். நான் வாங்கிக்கொள்வேன். மண்ணுக்கு நன்றி சொல்லிக் கீழே வைப்பேன், தண்ணீருக்கும் சொல்வேன். அதற்கு மேல் எனக்குச் சொந்தமில்லாத சொற்களைச் சொல்வதில்லை. வைத்தீஸ்வரன் கோயிலில் திருநீறு வாங்கி வளர்ந்த கை இது. இந்தப் புகையிலையைத் திருநீறாகவும் இந்தக் குகையைக் கருவறையாகவும் மாற்றிச் சொல்லிக்கொண்டால் எனக்கு எல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும். புரிந்தது என்னுடையதாக இருக்கும், அவர்களுடையதாக இருக்காது.

ஆனாலும் ஊர் நினைவு வராமல் போகாது. சோழநாட்டுக் கோயில் எதில் போய்ப் பார்த்தாலும் அப்பர் பெருமான் தோளில் உழவாரப் படையோடு நிற்பார். ஏழாம் நூற்றாண்டின் அந்தப் பெரியவர் கோயில் கட்டியவர் அல்லர். பிராகாரத்தில் புல் செதுக்கினார், பாதையைச் சீர் செய்தார். பாடிய வாயும் புல் செதுக்கிய கையும் ஒரே பக்தியின் இரு உறுப்புகள். களை பறிப்பதை வழிபாட்டுக்கு முந்திய சில்லறை வேலை என்று அவர் நினைக்கவில்லை, அதுவே வழிபாடு. எங்கள் பக்கத்தில் இன்றும் வாரக் கடைசியில் உழவாரப் பணி என்று கிளம்புகிறார்கள். அந்த மரபில் வந்தவளுக்குச் சரணாலயத்தின் காலைகள் அந்நியமாகத் தோன்றவில்லை.

அந்த மரபு எனக்கு இன்னொன்றையும் தருகிறது: சிதைந்த இடம் புனிதம் இழந்த இடமாகாது என்ற நம்பிக்கை. கோபுரம் விழுந்து, மூர்த்தி காணாமற்போன தலங்களுக்கும் நம்மவர்கள் போகிறார்கள். பாடல் பெற்ற மண் என்று விழுந்து கும்பிடுகிறார்கள். இங்கேயும் பாம்பு உருவங்கள் செதுக்கிய சுவர் இல்லை. குன்றின் மேலிருந்த பழைய ஈமமேடுகள் குறைந்தது 16 என்கிறார்கள். இன்று எஞ்சியிருப்பவை ஆறு. இருந்தும் டகோட்டாக்கள் வருகிறார்கள். புனிதம் ஒரு பொருளுக்குள் வைத்துப் பூட்டியதாக இருந்தால், ரயில்வேக்காரர்களின் வெடிமருந்தோடு அது முடிந்திருக்கும். தண்ணீரோடும், மேலே உறங்குகிற முன்னோரோடும், இனிப் பிறக்கப்போகிறவர்களோடும் இருக்கும் உறவுதான் புனிதம் என்றால் வெடிமருந்து அதைத் தொட முடியாது. தண்ணீர் உறவினர் என்று டகோட்டாக்கள் சொல்வதை நான் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். உறவினருக்குக் கை போனாலும் கால் போனாலும் உறவு போவதில்லை. பார்த்துக்கொள்ளும் கடமைதான் கூடுகிறது.

அப்பரை நினைத்துக்கொண்டு களை பறிப்பது மனதுக்கு இதமானது. ஆனால் அப்பர் தன் இறைவனின் வாசலில்தான் புல் செதுக்கினார். அவரை யாரும் அங்கிருந்து படகில் ஏற்றி அனுப்பவில்லை. இந்தக் குகை வாசலில் நிற்கும்போது எங்கள் பக்கத்து இன்னொரு அடியார் நினைவுக்கு வருகிறார். அவர் வந்தவுடன் இதம் போய்விடுகிறது. வைத்தீஸ்வரன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளித் திருப்புன்கூர். அங்கே நந்தி விலகியிருக்கும். தீண்டாமையால் வெளியே நின்ற நந்தனாருக்குக் காட்சி கொடுக்க விலகியது என்று சின்ன வயதில் என் பாட்டி சொல்லியிருக்கிறாள். பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் நந்தனார். கோயிலுக்குக் குளம் வெட்டியவர். கொடுத்ததெல்லாம் உள்ளே போனது. அவர் மட்டும் வெளியே நின்றார்.

இந்தக் குகை வாசலில் நந்தனாரின் இடத்தில் நிற்பது யார்? வெளியூர்க்காரியாக வந்து, உள்ளே போக உரிமை இல்லாமல் வேலை செய்கிற நான் அல்ல. எனக்குரிய எதுவும் என்னிடமிருந்து பறிக்கப்படவில்லை. தங்கள் தலத்திலிருந்தே துரத்தப்பட்டு, தங்கள் சடங்கைச் செய்ய யாருடைய அனுமதிக்கோ காத்திருந்தவர்கள் டகோட்டாக்கள்தான். 1883-இல் கூட்டாட்சி அரசு கொண்டுவந்த விதிகள் பூர்வகுடிகளின் நடனங்களையும் சடங்குகளையும் குற்றமாக்கின. மீறினால் ரேஷன் வெட்டு, சிறை. அமெரிக்கப் பூர்வகுடிகளின் சமய சுதந்திரச் சட்டம் வந்தது 1978-இல். மதச் சுதந்திரத்தை அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே எழுதிக்கொண்ட நாட்டில், மண்ணின் மக்களுக்கு அது எட்ட அவ்வளவு காலம் பிடித்தது. நந்தனார் கதையை உருகிக் கேட்டுவிட்டுக் கதவைப் பற்றிக் கேளாமல் எழுந்து போவது நம் ஊரில் நெடுங்காலப் பழக்கம். ஓடையைச் சுத்தமாக்கிவிட்டு, அது யாருடைய ஓடை என்று கேளாமல் வீடு திரும்புவதும் அதே பழக்கம்தான். மக்கள் இல்லாத கோயிலை எவ்வளவு துடைத்தாலும் அது காட்சிப்பொருளாகத்தான் மிஞ்சும்.

ஆகவே இந்தத் தொண்டுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையில்தான் அதன் நேர்மை சோதிக்கப்படுகிறது. இருபது வருடம் குப்பை அள்ளியவருக்கு இடத்தின்மேல் ஒரு பிடி விழும். நாங்கள்தானே மீட்டோம் என்று மனம் சொல்லும். அந்தப் பிடியைத் தளர்த்தத் தெரியாவிட்டால் சேவையும் கைப்பற்றலின் ஒரு வடிவமாகிவிடும். இந்த ஓடையின் கதையில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது பிடுங்கிய பக்தார்ன் அல்ல. பகுதிவாசிகள் தொடங்கிய அமைப்பு காலப்போக்கில் பூர்வகுடிகளின் தலைமைக்கு மாறி, வாக்கான் டீபி அவான்யன்கபி என்ற டகோட்டாப் பெயரை ஏற்றது. எங்கே பாதை போடுவது, எதை வேலியிட்டு மறைப்பது, எந்தக் கதையைப் பலகையில் எழுதுவது, எதை எழுதாமல் காப்பது என்று அவர்கள் சொல்கிறார்கள். தொடங்கியவர்கள் கூடவே நின்று களை பறிக்கிறார்கள்.

மாநிலத்தின் வேறு இடங்களிலும் இது நடந்துகொண்டிருக்கிறது. மினியாபொலிஸின் பெரிய ஏரி ஒன்றுக்கு, அடிமைமுறையை ஆதரித்த அரசியல்வாதி கால்ஹூனின் பெயர் இருந்தது. 2018-இல் மாநிலம் ப்டே மக்கா ஸ்கா என்ற பழைய பெயரைத் திரும்ப ஏற்றது. 2020-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2021-இல் மினசோட்டா வரலாற்றுக் கழகம் தன்னிடமிருந்த 100 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை டகோட்டாக்களின் லோயர் சூ சமூகத்திடம் திருப்பிக் கொடுத்தது. 2024-இல் அப்பர் சூ ஏஜென்சி மாநிலப் பூங்கா முழுவதும் அப்பர் சூ சமூகத்தின் கைக்குப் போனது. 1862-இல் டகோட்டாக்கள் பசியோடு காத்திருக்க, சாமான் கிடங்கு பூட்டிக் கிடந்த இடம் அது. 160 வருடத்துக்குப் பிறகு அந்த மண் அவர்களிடம் திரும்பியிருக்கிறது.

இதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் உண்டு, நல்ல மனிதர்கள். பொது நிலத்தில் ஒரு மரபின் நம்பிக்கைக்கு மட்டும் தனி மரியாதை ஏன் என்கிறார்கள். தண்ணீருக்கு மதம் கிடையாது, உப்பும் பாஸ்பரஸும் எவர் தெருவிலிருந்து வந்தாலும் ஒன்றுதான், வேதியியல் போதும் என்கிறார்கள். வேதியியலை நான் மதிக்கிறேன்; ஒரு தேக்கரண்டிக் கணக்கை நம்பித்தான் என் வாசலில் உப்பைக் குறைத்தேன். ஆனால் ஓடையைக் குழாய்க்குள் தள்ளியவர்களுக்கும் கணக்குத் தெரியும். கன அடிகளைச் சரியாகக் கணக்கிட்டுத்தான் குழாய் போட்டார்கள். தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்பதைக் கணக்குச் சொல்லும். அதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதை அது சொல்லாது. காவிரியைத் தாய் என்று கும்பிட்டுவிட்டு அதில் கழிவை விடுகிற நமக்கு, உறவென்று வாயால் சொல்வது மட்டும் போதாது என்பதும் தெரியும். உறவும் வேண்டும், கணக்கும் வேண்டும், முதுகு வளைத்த உழைப்பும் வேண்டும்.

தனி மரியாதை பற்றிய கேள்விக்கும் இந்த இடத்தின் வரலாறே பதில். பொது நிலம் என்கிற இந்த நிலம் ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்ட பிறகுதான் பொது ஆயிற்று. ஈமமேடுகளுக்குப் பக்கத்தில் யாரும் பிக்னிக் விரிக்கக்கூடாது என்று கேட்பது தனிச் சலுகை ஆகாது. எந்த ஊர் இடுகாட்டுக்கும் கிடைக்கிற மரியாதை அது. நான் அந்தக் குன்றின் மேல் வாடகை வீட்டில் இருக்கிறேன். 1837 ஒப்பந்தத்தின் பலனில் ஒரு துளி என் கூரையிலும் இருக்கிறது. நான் செய்யாத அநீதிக்கு நான் குற்றவாளி ஆகமாட்டேன்; அதன் பலனை அனுபவிக்கிறவரை கடனாளிதான். குற்ற உணர்ச்சி மனிதரைத் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க வைக்கும். கடன் உணர்ச்சி, கொடுக்க வேண்டியவரைப் பார்க்க வைக்கும்.

ஆக, என் கேள்விக்கு எனக்குக் கிடைத்திருக்கும் பதில் இது. அடுத்தவர் புனிதத் தலத்தில் களை பறிப்பது என் வழிபாடு அல்ல; அந்த வழிபாட்டுக்கு இடம் ஒழுங்குசெய்து கொடுக்கும் வேலை. அதில் புண்ணியம் சேர்கிறதா என்று பார்ப்பது என் வேலை இல்லை. கேட்டால் உதவ வேண்டும், சொன்னால் கேட்க வேண்டும், சடங்குக்கு அவர்கள் கூடும் நாளில் அழைப்பில்லாமல் எட்டிப் பார்க்காதிருக்க வேண்டும். குழாயில் கிடக்கும் ஓடையை மேலே கொண்டுவரும் திட்டத்துக்கும், ஈமமேட்டைச் சுற்றிய பாதையை மாற்றும் திட்டத்துக்கும் நகர மன்றத்தில் கருத்துக் கேட்கும் மாலைகளில், விளக்குமாறு பிடித்த அதே கையை உயர்த்தி அவர்கள் பக்கம் பேச வேண்டும். கோயிலைக் கூட்டுகிறவருக்குச் சாவி வேண்டியதில்லை. சாவி உரியவரிடம் சேரும்வரை அவர் வாய் மூடி இருக்கவும் கூடாது.